தஞ்சோங் மாலிம் உளவுப் படம்: அந்தப் பாலம் வெடிக்க வேண்டுமா?

பேராங் குமரன் | இரவு 8.40

மலாயாவை ஜப்பான் ஆண்ட காலத்தை வைத்து நம் தஞ்சோங் மாலிமிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் எடுக்கப்போகும் தமிழ்ப் படத்தின் கதைச் சுருக்கம் இது. நீளம் 100 நிமிடம். விஷயம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

1942 பிப்ரவரி. காட்டில் ஒளிந்திருக்கும் மூன்று வெள்ளைக்காரர்கள் நம் ஊர்ப் பக்கம் ஜப்பானிய ரயிலைக் கவிழ்க்கிறார்கள். அவர்களுக்கு வழி காட்டுபவன் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) வேலு. அடுத்த ஆண்டு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து சிகாரி கடற்கரைப் பக்கம் இறங்கும் ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படையின் குழுவுக்காக அவன் ரேடியோவை மலைக்குச் சுமக்கிறான். ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெத்தாய் மோப்பம் பிடிக்கிறது. உச்சக்கட்டம் 1944: சிப்பாய்கள் நிறைந்த ரயிலோடு ஒரு பெரிய பாலம் தகர்கிறது, வேலுவும் அதில் போகிறான்.

தண்டவாளம் | இரவு 9.05

தம்பி குமரன், உங்கள் தொடக்கத்துக்குச் சரித்திரம் துணை நிற்கும். முடிவுக்கு நிற்காது.

தொடக்கத்தில் வரும் மூவர் ஃப்ரெடி ஸ்பென்சர் சாப்மன், ஜான் சார்ட்டின், பில் ஹார்வி. 1942 பிப்ரவரி முதல் இரண்டு வாரம், தஞ்சோங் மாலிமை ஒட்டிய ரயில் பாதையும் சடக்கும்தான் (சாலை) அவர்கள் களம். சாப்மனே போட்டு வைத்த கணக்குப்படி ஏழெட்டு ரயில் தடம் புரண்டது, 15 பாலம் சேதம், சுமார் 60 இடத்தில் தண்டவாளம் அறுந்தது, சுமார் 40 வாகனம் நாசம். செலவு சுமார் 1000 பவுண்டு வெடிமருந்து, 100க்கு மேல் கையெறி குண்டு. இவ்வளவும் செய்தும் சிங்கப்பூர் பிப்ரவரி 15 அன்று விழுந்துவிட்டது.

ஏன் தெரியுமா? தண்டவாளம் ஓர் இடத்தில் அறுந்தால் அந்தத் துண்டைக் கழற்றி வேறு துண்டு போட ஒரு கேங்குக்கு (தண்டவாளம் பழுது பார்க்கும் குழு) சில மணி நேரம் போதும். எஞ்சின் கவிழ்ந்தால்தான் வலி. கிரேன் வர வேண்டும், ஒற்றைத் தடம் என்பதால் பின்னால் வரும் வண்டியெல்லாம் நிற்க வேண்டும், போர்க்காலத்தில் மாற்று எஞ்சினும் கிடையாது. ஜப்பானிய ரயில்வே படைப்பிரிவுகள் பழுது பார்ப்பதிலேயே கைதேர்ந்தவை. வெள்ளைக்காரன் பின்வாங்கும்போது தானே உடைத்துவிட்டுப் போன பாலங்களை அவர்கள் மரச்சட்டம் கொடுத்து நிமிர்த்தி வண்டி விட்டார்கள்.

1944க்கு வருவோம். நீங்கள் சொன்ன ஃபோர்ஸ் 136 குழுவின் தலைவர் ஜான் டேவிஸ் ஐந்து சீன ஏஜெண்டுகளோடு 1943 மே 24 அன்று ஓ-24 என்ற டச்சு நீர்மூழ்கியிலிருந்து இறங்கினார். வந்த வேலை உளவு, காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடு பேச்சு. வருட முடிவில் பீடோர் மலைமேல் பிளாந்தான் முகாமில் ஒப்பந்தம் ஆனது. 1944 மார்ச்சில் அவர்கள் வலைப்பின்னலையே ஜப்பானியர் பிடித்துவிட்டார்கள். ஃபோர்ஸ் 136இன் லிம் போ செங் கைதாகி ஜூன் 29 அன்று பத்து காஜா சிறையில் இறந்தார். வெளியுலகத்தோடு ரேடியோத் தொடர்பு இல்லாத, ஆயுதம் வராத ஒரு குழு அந்த வருடம் பெரிய பாலத்தைத் தகர்த்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்?

குவாய் நதிப் பாலம் பற்றிய 1957 படத்தைப் பாருங்கள். அதில் கமாண்டோக்கள் வெடி வைப்பார்கள். நிஜப் பாலத்தை உடைத்தது 1945இல் விமானங்கள் போட்ட குண்டு. இன்றுவரை ஊர் உலகம் படத்தைத்தான் நம்புகிறது. நம் ஊர்ப் பெயரில் இன்னொரு பொய் வேண்டாம்.

கலும்பாங் கௌரி | இரவு 9.31

தண்டவாளம் ஐயா சொன்ன தேதியில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வெடியை முதல் பத்து நிமிடத்தில் தீர்த்துவிட்டு, மிச்சம் 90 நிமிடம் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு நடப்பதைக் காட்டினால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? உளவுப் படத்துக்கு வருகிறவன் ‘மாட்டிக்கொள்வானா’ என்ற பயத்துக்காக வருகிறான். அந்தப் பயம் கடைசிவரை இருக்க வேண்டுமானால் கடைசியில் ஏதோ ஒன்று வெடித்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று சுருக்கத்தில் இருக்கிறது, யாரும் தொடவில்லை. அந்த மூவரும் என்ன வேஷத்தில் தண்டவாளத்துக்கு வந்தார்கள்? தமிழர் வேஷத்தில். விளக்குக்கரி, அயோடின், பொட்டாசியம் பெர்மாங்கனேட், காப்பி எல்லாம் கலந்து முகத்திலும் கையிலும் பூசிக்கொண்டு, தலையில் அழுக்குத் துணியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஏன் தமிழர்? கேங் வேலைக்குத் தண்டவாளத்தில் நடப்பவன் தமிழன், விடியுமுன் பால் மரத்துக்குப் போகிறவன் தமிழன், சடக்கு போடுகிறவனும் தமிழன். எந்த நேரத்தில் நடமாடினாலும் யாரும் நிமிர்ந்து பார்க்காத ஆள். உளவாளிக்கு இதைவிட நல்ல சட்டை கிடையாது.

குமரன், உங்கள் படத்தில் இது ஒரு வரிகூட இல்லை. வேலு அவர்களைப் பார்க்கும் முதல் காட்சியே இதுவாக இருக்க வேண்டும். தன்னைப்போல உடுத்திய ஒருவன் கண்ணெதிரே நிற்கிறான், ஆனால் நடை வேறு.

மேக்கப்புக்கு: பெர்மாங்கனேட் தோலில் பழுப்பாக ஏறும், சில நாளில் திட்டுத்திட்டாக வெளுக்கும். கரி நிற்காது, வியர்வை பட்டால் காதுக்குப் பின்னால் கோடாக இறங்கும். கழுத்தும் குதிகாலும் கடைசியில் காட்டிக்கொடுக்கும் இடங்கள். பூட்ஸ் போட்டே பழகிய கால் செருப்பில்லாமல் சரளைக்கல்லில் நடந்தால் பத்து அடியிலேயே தெரியும். கைலியை வெள்ளைக்காரன் பெல்ட் மாதிரி இறுக்குவான். நம் ஆள் இரண்டு மடிப்பு மடித்துச் செருகுவான். இதையெல்லாம் கண்டுபிடிக்கிற கண் வேலுவுக்கு இருந்தால், கெம்பெத்தாய் கண்டுபிடிக்குமா என்ற பயம் பார்க்கிறவனுக்குத் தானாக வரும்.

ரேடியோ செல்வம் | இரவு 10.02

கௌரி அக்கா, “ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு” என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். அந்தப் பெட்டிதான் படம். கனம் என்ன என்று பார்ப்போம்.

அந்தக் காலத்து ஏஜெண்டுகளின் பி2 ரேடியோ செட், ஒரு தோல் சூட்கேஸ். டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், பவர் பேக் எல்லாம் சேர்த்து சுமார் 32 பவுண்டு, கிட்டத்தட்ட பதினான்கரைக் கிலோ. இது செட் மட்டும். காட்டில் மெயின்ஸ் இல்லை, 6 வோல்ட் ஆசிட் பேட்டரி வேண்டும். பேட்டரி என்றால் அதைச் சார்ஜ் செய்ய ஜெனரேட்டர் வேண்டும். பெட்ரோல் ஜெனரேட்டர் என்றால் சத்தமும் எண்ணெயும், மிதி ஜெனரேட்டர் என்றால் மிதிக்க ஆளும் அந்த ஆளுக்குச் சோறும். மரவள்ளிக்கிழங்கு தின்று மலேரியாவில் நடுங்கும் ஆள் எத்தனை நிமிடம் மிதிப்பான்? பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீருக்கு எங்கே போவது, மழைநீரைப் பிடித்து ஊற்ற வேண்டும். ஓடைத் தண்ணீரை ஊற்றினால் தகடு கெடும்.

டேவிஸ் குழுவுக்கு வந்த செட்டுகளை இந்தக் கனத்தினால்தான் உடனே மேலே ஏற்ற முடியாமல் மறைத்து வைத்தார்கள். இலங்கையிலிருந்த தலைமையகத்தோடு தொடர்பு கிடைத்தது 1945 பிப்ரவரியில். அதாவது இறங்கி இருபது மாதம் கழித்து! அதற்குப் பிறகுதான் லிபரேட்டர் விமானங்களில் ஆளும் ஆயுதமும் பாராசூட்டில் வந்தன. இந்த இருபது மாத ஊமைத்தனத்தை விட்டுவிட்டுப் பாலம் எதற்கு?

சினிமாக்காரர்கள் ரேடியோவில் செய்யும் தப்புகளையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஸ்பீக்கரில் ‘டிட் டா’ என்று அறை முழுக்கக் கேட்கக் கூடாது. ஹெட்போன்தான். கேமரா ஆபரேட்டரின் முகத்தில் இருக்கட்டும், சத்தம் பூச்சி அளவுக்கு இருக்கட்டும், அதுவும் பின்னால் ரேடியோ இரைச்சல் கேட்க. டயலைத் திருப்பி அனுப்பும் அலைவரிசையை மாற்றுவதுபோலக் காட்டுவார்கள். டிரான்ஸ்மிட்டருக்கு அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிறிஸ்டல் வேண்டும், தீப்பெட்டியைவிடச் சின்ன துண்டு, இரண்டு கால் வைத்தது. பேராக் மலையிலிருந்து கொழும்பு சுமார் 2,400 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு இரவில் ஓர் அலைவரிசை, பகலில் அதைவிட உயர்ந்த ஒன்று. ஆகவே குறைந்தது இரண்டு கிறிஸ்டல். ஒன்றைத் தொலைத்தால் பாதி நாள் ஊமை. வேலு 32 பவுண்டைச் சுமப்பதைவிட, சுருட்டிய கைலி மடிப்பில் ஒரு கிறிஸ்டலை வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் நிற்பது நடுக்கம் தரும்.

ஏரியல் கம்பி சுமார் 60 அடி. மரத்துக்கு மரம் கட்ட வேண்டும், ஈர இலை தொடக் கூடாது. நம் காட்டில் இலை தொடாத 60 அடி எங்கே இருக்கிறது என்று தேடுவதே ஒரு காட்சி.

நேரக்கணக்கு: செய்தி ஐந்தைந்து எழுத்துக் கூட்டமாகப் போகும். நிமிடத்துக்கு 12 கூட்டம் என்றால் 50 கூட்டத்துக்கு நாலு நிமிடம் சொச்சம், 150 கூட்டத்துக்குப் பன்னிரண்டரை நிமிடம். நீளச் செய்தி, ரேடியோ எங்கிருந்து பேசுகிறது என்று எதிரி கண்டுபிடிக்கும் திசைகாணும் கருவிக்கு விருந்து. அதனால் ஒரு சொல் கூடினாலும் உயிருக்கு ஆபத்து.

ஈப்போ நாதன் | இரவு 10.34

எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்று பேசுகிறீர்கள். உளவு என்றால் வெள்ளைக்காரனுக்குச் செய்வதுதானா?

1942இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் வளாகத்தில் சுயராஜ் இன்ஸ்டிடியூட் நடந்தது. மலாயாவில் வேலை பார்த்த இந்திய இளைஞர்களுக்கு அங்கே உளவுப் பயிற்சி. 1942 செப்டம்பரில் ஒரு குழு ஜப்பானிய நீர்மூழ்கியில் போய் மலபாரில் தானூர் கரையில் இறங்கியது. சீக்கிரமே பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதரும் அவரோடு மூவரும் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கில் தொங்கினார்கள். இது நம் மண்ணிலிருந்து போன உளவுக் கதை. நீர்மூழ்கி இருக்கிறது, இரவில் ரப்பர் படகு இருக்கிறது, துரோகம் இருக்கிறது, தூக்குமேடை இருக்கிறது. இதை விட்டுவிட்டு, தமிழன் வேஷம் போட்ட வெள்ளைக்காரனுக்கு வழிகாட்டிய தமிழனை ஏன் நாயகன் ஆக்குகிறீர்கள் குமரன்?

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு தோட்டத்து லயங்களிலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆணும் பெண்ணும் ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தார்கள். அந்தச் சூழலில் வேலு தனியாளாகத் துரைமார் பக்கம் நின்றான் என்றால் லயத்தில் அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று யோசித்தீர்களா?

தண்டவாளம் | இரவு 10.51

நாதன் சார், பினாங்குக் கதை தனிப் படம். அதை இதில் நுழைத்தால் இரண்டும் கெடும். ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி நியாயம். அதற்கு வேலுவின் வேலையை மாற்ற வேண்டும்.

அவன் தோட்டத்துக் கிராணியாக இருப்பதில் நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. கிராணி என்றால் விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பு) நின்று செக்ரோலில் (வருகைப் பதிவேடு) பெயர் போட வேண்டும். மூன்று நாள் காணாமல் போனால் முதலில் தெரிவது அவன் இல்லாததுதான். அதுவுமில்லாமல் ஜப்பான் காலத்தில் ரப்பர் வாங்க ஆள் இல்லை. பல தோட்டத்தில் பால் வெட்டு நின்று, மரத்தைச் சாய்த்து மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டார்கள். அந்தக் கிராணி எதை எழுதிக்கொண்டிருப்பான்?

ரயில்வே கேட் கீப்பராக ஆக்குங்கள். லெவல் கிராஸிங்கில் குடிசை, கையில் பச்சை சிவப்பு விளக்கு, எல்லா வண்டியும் கண்முன்னே போகும். உளவு என்றால் நிஜத்தில் இதுதான்: எத்தனை வேகன், திறந்ததா மூடியதா, வடக்கா தெற்கா, எத்தனை மணிக்கு. அதை எழுதி வைக்கக் கூடாது, எழுதினால் அந்தத் தாளே தூக்குக்கயிறு. சோளமோ புளியங்கொட்டையோ ரப்பர் பால் பிடிக்கும் ஒரு மங்கில் (கிண்ணம்) போட்டு வைக்கலாம், விளையாட்டுக் காய் போலத் தெரியும்.

பேராங் குமரன் | இரவு 11.08

அண்ணே, கேட் கீப்பர் யோசனை பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நாதன் சாரின் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை. கௌரி அக்கா கேட்ட வெடிக்கும் மாற்று இல்லை. ரேடியோவை உச்சக்கட்டமாக வைத்தால், முதல் செய்தி இலங்கையைச் சேரும் அந்தக் கணம் அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். பார்க்கிறவன் வயிற்றைப் பிசையுமா?

துரோகியையும் மறந்துவிட்டோம். கெம்பெத்தாய்க்குத் தகவல் கொடுப்பது யார்? சுருக்கத்தில் ஒரு கங்காணியை வைத்திருக்கிறேன்.

ரேடியோ செல்வம் | இரவு 11.20

கங்காணி வேண்டாம் குமரன். எல்லாப் பழியையும் கங்காணி தலையில் போட்டுச் சலித்துவிட்டது. நிஜத் துரோகி எவனும் கற்பனை செய்ய முடியாத உயரத்தில் இருந்தான். மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் லாய் தெக். போருக்கு முன் பிரிட்டிஷ் உளவுத்துறையின் ஆள், 1942இல் பிடிபட்டபின் ஜப்பானியர் ஆள். 1942 செப்டம்பர் 1 அன்று பத்து கேவ்ஸ் அருகே தலைவர்கள் கூடிய இடத்தில் ஜப்பானியர் சுற்றி வளைத்துச் சுட்டது அவன் கொடுத்த தகவலில்தான். அதே ஆள்தான் பிளாந்தானில் கட்சி சார்பில் டேவிஸ் எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவன்! அந்த மேசையில் தேநீர் ஊற்றுகிறவன் கண்ணில் இதைக் காட்டினால் போதும், வேறு வில்லன் தேவையில்லை.

கலும்பாங் கௌரி | இரவு 11.29

செல்வம், மேல்மட்டத்துத் துரோகம் வேலுவுக்குத் தெரியப்போவதில்லை. அவனுக்குத் தெரிந்த பயம் ஜிக்கேய்டான், தன் கிராமத்து ஆளே கழியோடு காவல் நிற்பது. அதைக் காட்டுங்கள்.

வெடிக்கு என் மாற்றைச் சொல்கிறேன். 1942 வெடியைக் காட்டாதீர்கள், கேட்க விடுங்கள். லயத்து வாசலிலிருந்து தண்டவாளம் ஒரு கிலோமீட்டர் என்று வையுங்கள். வானத்தில் ஒரு வெளிச்சம். மூன்று வினாடி எதுவும் இல்லை. அப்புறம் இடி. ஒலிக்கு அந்தத் தூரம் வர மூன்று வினாடி பிடிக்கும், பெரும்பாலான படங்களில் வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்துவிடும். அந்த மூன்று வினாடியில் ஒரு தாய் குழந்தையின் வாயைப் பொத்துகிறாள். மறுநாள் காலையில் லாரி வந்து நிற்கும். யார் வைத்தது என்று ஜப்பானியன் கேட்பான், பதில் சொல்ல வேண்டியவர்கள் லயத்தில் இருப்பவர்கள். தமிழன் வேஷத்தில் ஒருவன் குண்டு வைத்தால், அடுத்த நாள் அடிபடுகிறவன் வேஷம் போடாத தமிழன். வேலு அதற்குப் பிறகும் ஏன் அந்தப் பக்கம் நிற்கிறான் என்று நாதன் சார் கேட்பது இதனால்தான் முக்கியம். குமரன் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

ஈப்போ நாதன் | இரவு 11.41

அதுதான். நன்றி அக்கா.

பதிலை நானே தருகிறேன், என் கட்சிக்கு எதிராகப் போனாலும். 1943இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபர் 17 அன்று இரு முனையும் சேர்ந்தது. நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் போனார்கள், ஏராளமானோர் திரும்பவில்லை. ஐ.என்.ஏ.வில் சேர்ந்தால் சயாமுக்குப் போக வேண்டாம் என்று சேர்ந்தவர்களும் உண்டு. வேலுவின் தம்பியை அப்படிச் சேர வையுங்கள். அண்ணனைச் சயாம் லாரி தேடட்டும். ஒரே லயத்தில் இரண்டு பேர், இரண்டு பக்கம், இருவருக்கும் காரணம் ஒன்றே. வேலு துரைக்காக நிற்கவில்லை.

தண்டவாளம் | இரவு 11.58

சயாம் என்றதும் எனக்கு ஒன்று பிடிபட்டது. குமரன், கௌரி, இருவரும் கவனியுங்கள். பாலக் காட்சி ஏன் நடக்கவே முடியாது என்பதற்குத் தேதியைவிட வலுவான காரணம் இது.

சிங்கப்பூரிலிருந்து சயாமுக்குப் போன வண்டியெல்லாம் கோலாலம்பூர், தஞ்சோங் மாலிம், ஈப்போ வழியாகத்தான் போயின. 1943 ஏப்ரலில் ‘எஃப் ஃபோர்ஸ்’ என்ற போர்க்கைதிக் குழுவில் மட்டும் 7,000 பேர், 13 ரயில். இரும்பு அரிசி வேகன், சுமார் 18 அடி நீளம், 8 அடி அகலம், அதில் முப்பது பேர். உட்கார இடம் இல்லை, மாறி மாறி உட்கார வேண்டும். பகலில் இரும்பு சுடும், இரவில் குளிரும். பான் போங் போய்ச் சேர நாலைந்து நாள். தோட்டத்து ஆட்களும் இதே பாதையில்தான் வடக்கே போனார்கள்.

அப்படியென்றால் நம் ஊர் வளைவில் வெடி வைத்துக்கொண்டு இருட்டில் காத்திருக்கிறவன் எந்த ரயிலைக் கவிழ்ப்பான்? வடக்கே போகிற மூடிய வேகனுக்குள் சிப்பாயா, கைதியா, தன் ஊர்க்காரனா என்று தெரியாது. கேட் கீப்பர் வேலுவுக்கு மட்டும்தான் தெரியும். வேகன் கதவு ஒரு கை அகலம் திறந்திருக்கும், அதில் விரல்கள் தெரியும்.

கலும்பாங் கௌரி | நள்ளிரவு 12.09

ஐயா... வெடி வேண்டும் என்று சண்டை போட்டவள் நான். இந்தக் காட்சிக்காக அதை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. வெடி நிஜமாகவே வைக்கப்பட்டிருக்க வேண்டும். கொரில்லாக்கள் வைத்திருக்கட்டும். வேலு வெறுமனே வேடிக்கை பார்க்கக் கூடாது, விளக்கைக் காட்டி வண்டியை நிறுத்தவா வேண்டாமா என்று அவன் கையில் முடிவு இருக்க வேண்டும். நிறுத்தினால் காவலாளிகள் இறங்கித் தண்டவாளத்தைத் தேடுவார்கள், வெடி வைத்தவர்கள் மாட்டுவார்கள். நிறுத்தாவிட்டால் உள்ளே இருப்பவர்கள்.

ரேடியோ செல்வம் | நள்ளிரவு 12.16

வெடி வெடிக்காமல் போகவும் நியாயமான காரணம் இருக்கிறது, கதைக்குத் தேவையானால். 1942இல் புதைத்த ஜெலிக்னைட் நம் வெயிலில் ஒரு வருடம் கிடந்தால் வியர்க்கும், கசிந்த எண்ணெய் தொட்டால் அபாயம். கையாளுகிறவனுக்கு மண்டை பிளக்கும் தலைவலி வரும், நைட்ரோகிளிசரின் ரத்தக்குழாயை விரிப்பதால். அந்தத் தலைவலியை நடிகர் காட்டினால் போதும், வசனம் வேண்டாம். நேரம் குறிக்கும் பென்சில் ஃபியூஸும் அப்படித்தான், உள்ளே இருக்கும் ரசாயனத் திரவம் கம்பியை அரிக்கும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. குளிர் நாட்டுக் கணக்கில் எழுதிய நேரம் இங்கே முன்கூட்டியே முடிந்துவிடும். ஆனால் அதிர்ஷ்டத்தால் தப்பினார்கள் என்று எழுதாதீர்கள். வேலுவே தடுக்க வேண்டும்.

ஈப்போ நாதன் | நள்ளிரவு 12.22

எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. வண்டி தப்பி வடக்கே போய்விட்டால் உள்ளே இருப்பவர்கள் சயாமில்தான் சாவார்கள். வேலு காப்பாற்றினான் என்று இசை போட்டு முடித்தால் அது பெரிய பொய். அங்கே கைதிகள் கறையானைப் பிடித்து மரப்பாலத்துக் கட்டைகளில் விட்டார்கள், நாசவேலை என்றால் அவர்களால் முடிந்தது அவ்வளவுதான். வேலு கொட்டைகளை எண்ணிப் போட்ட மங்கைக் கடைசிவரை விடாதீர்கள். அந்தக் கணக்கு யாருக்காவது போய்ச் சேர்ந்ததா?

ரேடியோ செல்வம் | நள்ளிரவு 12.27

ரேடியோ பேசுவது 1945 பிப்ரவரியில். 1943 கணக்கை யாரும் அனுப்ப மாட்டார்கள் நாதன் சார். நாலு நிமிடத்தில் அழைப்புக்குறி, தாங்கள் பிடிபடவில்லை என்று காட்டும் ரகசிய அடையாளம், ஆள் எத்தனை, மருந்து வேண்டும். இவ்வளவுதான் போகும். அந்த அடையாளத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஹாலந்தில் பிடிபட்ட ஆபரேட்டர்கள் வேண்டுமென்றே அதை விட்டுவிட்டு அனுப்பியும் லண்டன் கவனிக்கவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட ஏஜெண்டுகள் நேராக ஜெர்மானியர் கையில் இறங்கினார்கள்.

பேராங் குமரன் | நள்ளிரவு 12.40

பாலத்தை வெட்டிவிட்டேன். வேலு இனி கேட் கீப்பர், தம்பி ஐ.என்.ஏ. 1943 ஏப்ரல் இரவுதான் படத்தின் நடு. கடைசியில் ரேடியோ பேசும், மங்கு குடிசையிலேயே இருக்கும். நாதன் சார் சொன்னதுபோல இசை இல்லை.

தண்டவாளம் அண்ணே, எடுப்பதற்கு இடமும் நேரமும் சொல்லுங்கள். நம் ஊர் நிலையத்தில் முடியுமா?

தண்டவாளம் | நள்ளிரவு 12.58

முடியாது. இங்கே இப்போது இரட்டைத் தடம், மேலே 25 கிலோவோல்ட் கம்பி, கீழே கான்கிரீட் கட்டை. எந்தப் பக்கம் கேமரா வைத்தாலும் 1943 வராது. லயமும் தோட்டமும் இங்கே எடுங்கள். ஆனால் செம்பனை இல்லாத, ரப்பர் மட்டும் நிற்கும் நிரையைத் தேடுங்கள், பிளாஸ்டிக் மங்கை எடுத்துவிட்டு மண் மங்கு மாட்டுங்கள். தண்டவாளத்துக்குக் கிழக்குக் கரைப் பாதை, ஒற்றைத் தடம், மேலே கம்பி இல்லை. போர்க்காலத்தில் அந்தப் பாதையின் பெரும் பகுதியைப் பிடுங்கித்தான் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். நாம் பார்ப்பது அதற்குப் பிறகு போட்டது. பாலம் ஒன்று தூரத்தில் தெரிய வேண்டுமானால் குவாலா கங்சார் அருகே கராய் விக்டோரியா பாலம், 1900இல் கட்டியது, செங்கல் தூண். பக்கத்திலேயே புதுப் பாலம் நிற்பதால் ஒரே பக்கத்திலிருந்துதான் எடுக்கலாம்.

எஞ்சின் இங்கே கிடைக்காது. போர்க்காலத்தில் ஜப்பானிலிருந்து சயாம் பாதைக்கு வந்த சி56 எஞ்சின்கள் தாய்லாந்தில் இன்னும் இருக்கின்றன. அதை வாடகைக்கு எடுக்கப் பணம் இல்லையென்றால் எஞ்சினைக் காட்டவே வேண்டாம். விளக்கு வெளிச்சமும் புகையும் வேகன் பக்கமும் போதும். மூன்று வேகன் செய்து திரும்பத் திரும்ப ஓட்டலாம்.

நேரத்துக்கு: 600 பேர், வேகனுக்கு 30 என்றால் 20 வேகன். இணைப்போடு ஒன்று ஆறரை மீட்டர் என்றால் 130. எஞ்சினும் காவல் வண்டியும் சேர்த்து 160 மீட்டர். வளைவில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம், வினாடிக்கு 7 மீட்டர். முழு ரயிலும் வேலுவைக் கடக்க 23 வினாடி. அதை வெட்டாமல் 23 வினாடியும் அப்படியே விடுங்கள்.

சத்தத்தை இன்றைய பாதையில் பதிவு செய்யாதீர்கள். பற்றவைத்த நீளத் தண்டவாளத்தில் மூட்டுச் சத்தம் வராது. 1943இல் ஒவ்வொரு மூட்டிலும் இரட்டைத் தட்டு விழும், டக்-டக், டக்-டக். மூட்டு வைத்த பழைய பக்கத் தடம் ஏதாவது கண்டுபிடித்து, கடைசி வேகன் போன பிறகும் ஒரு நிமிடம் மைக்கை அணைக்காமல் வையுங்கள். கம்பி கொஞ்ச நேரம் முனகும்.